பாதிரி என்னும் சொல்

செஞ்சிக் கடைவீதியில் நாம் நடந்து செல்கையில், "அதோ, பாதிரி போகிறார்" என்று யாரேனும் சொல்வது காதில் விழுவதுண்டு. 'ஆர்' விகுதியற்ற அச்சொல் நமக்குச் சற்றே மனத்தாங்கல் அளித்து வந்ததை மறைப்பதற்கில்லை. அண்மையில், ஸ்பானிய மொழி பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் தம் பாடநூலைக் காட்டி, "சாமி, 'பாத்ரே' என்றால் தகப்பன் என்று போட்டிருக்கிறதே! நம் பாதிரியும் இதுதானா?" என்று வினவினார்.

ஆம், இதுவேதான். தந்தையைக் குறிக்கும் 'பாத்தெர்' என்னும் இலத்தீன் சொல்லே ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'பாத்ரே' ஆயிற்று. ஆனால் வழக்கில் வேறுபாடு உண்டு. இன்றைய போர்த்துக்கீசியத்தில் பெற்ற தகப்பன் 'பாய்'; குருவானவர் 'பாத்ரே'. ஸ்பானியரோ இருவரையும் 'பாத்ரே' என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். அதனைப் பன்மையாக்கிப் 'பாத்ரெஸ்' என்றால், தாய் தந்தை இருவரையும் சேர்த்துக் குறிக்கும்.

தமிழுக்கு இச்சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக வந்தது. நம் வீடுகளிலுள்ள மேசை, அலமாரி, ஜன்னல், சாவி ஆகிய சொற்களும் அவ்வழியே வந்தவைதாம். 1597இல் இயேசு சபைக் குருவாகிய பிமென்டா, கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட நம் செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லின் எந்நகரினும் இது பெரிது என வியந்து எழுதினார். 'பாத்ரே' என்னும் சொல் அன்றே இக்கோட்டை மதில்களுக்குள் ஒலித்திருக்கக் கூடும்.

இங்கு ஒன்றை விளக்க வேண்டும். நம் அண்டையிலுள்ள திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி வேறு. அது சங்கப் புலவர்கள் பாடிய பூமரத்தின் பெயர், பழந்தமிழ்ச் சொல். ஒலி ஒன்றாயினும் உறவில்லை.

அயலிலிருந்து வந்த சொல்லுக்கு 'ஆர்' விகுதி சேர்த்துப் 'பாதிரியார்' என மரியாதை செய்தது தமிழரின் பண்பு. ஆயினும் அவ்விகுதி நீங்கினாலும், உள்ளே இருக்கும் 'தந்தை' நீங்குவதில்லை. நள்ளிரவில் நோயாளியின் வீட்டார் கதவைத் தட்டினால் முகஞ்சுளிக்காமல் எழுந்து செல்கிறோமா? கட்டணம் செலுத்த வழியின்றி நிற்கும் பிள்ளைக்காகப் பள்ளிவரை நடக்கிறோமா? தகப்பன் செய்வதைச் செய்யாமல், தகப்பன் என்னும் பெயருக்கு மரியாதை கேட்பது முறையாகுமா? வீடுகளில் அப்பா என்று அழைக்கப்படுவோரும் இதனைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இனிக் கடைவீதியில் யாரேனும் "பாதிரி" என்றால், நாம் மனம் வருந்தப் போவதில்லை. நின்று, திரும்பி, "என்ன வேண்டும், அப்பா?" என்று கேட்போம்.