மழைக்காட்டு விடுதி: லாபம் யாருக்கு, முடிவு யாருடையது?

சூரிய மின்தகடு, ஓலைக்கூரை, மக்கும் சோப்பு. இவ்வளவும் இருந்தால் மழைக்காட்டுக்குள் இருக்கும் விடுதி சூழலுக்கு உகந்ததாகிவிடுமா? அந்தக் காட்டோடு வாழும் மக்களுக்கு அதில் என்ன உரிமை என்பதே முதல் கேள்வி. பெரு நாட்டு அமேசான் பகுதியின் பொசாதா அமசோனாஸ் விடுதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பங்காளியான ஊர்

தம்போபாத்தா ஆற்றங்கரையில் உள்ள இன்ஃபியெர்னோ என்ற ஊரில் எசே எஹா பழங்குடியினரும் பிற பகுதிகளிலிருந்து குடியேறியவர்களும் வாழ்கிறார்கள். 1996இல் இந்த ஊர், ரெயின்ஃபாரஸ்ட் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற சுற்றுலா நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி லாபத்தில் 60 சதவீதம் ஊருக்கு, 40 சதவீதம் நிறுவனத்துக்கு என்று இருந்தது. முடிவெடுப்பதில் இருவருக்கும் சரிபாதி உரிமை இருந்தது. 1998இல் பொசாதா அமசோனாஸ் விடுதி திறக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் பலர் படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் சமையலராகவும் தொழில் பழகினார்கள்.

அறைகளில் காட்டைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது. காற்று தானாக வந்துபோவதால் குளிர்சாதனம் தேவைப்படுவதில்லை.

விலங்குக்கு முதலிடம்

அருகிலுள்ள த்ரேஸ் சிம்பாதாஸ் ஏரியில் அருகிவரும் ராட்சத நீர்நாய்கள் வாழ்கின்றன. மனிதத் தொந்தரவு மிகுந்தால் அவற்றின் குட்டிகள் பிழைப்பது கடினம். அதனால் பயணிகள் துடுப்புப் படகில்தான் போகலாம். ஏரியின் ஒரு பகுதிக்குள் நுழையவே கூடாது.

இந்தக் காட்டில் வாழும் ஹார்ப்பிக் கழுகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குஞ்சைத்தான் வளர்க்கும். ஒன்றைச் சுட்டாலும் பேரிழப்பு. கூட்டைக் கண்டு சொல்பவருக்குப் பயணிகளின் வருகையால் வருமானம் கிடைக்கத் தொடங்கியதும், கூடுள்ள மரத்தைக் காப்பதே ஆதாயமானது.

பணம் மட்டும் போதாது

இந்த ஊரைப் பல ஆண்டுகள் ஆய்வுசெய்த மானுடவியலாளர் அமாண்டா ஸ்ட்ரோன்சா ஓர் எச்சரிக்கையும் தருகிறார். சுற்றுலா வருமானம் வேட்டையைக் குறைக்கலாம். அதே பணம் மரம் அறுக்கும் இயந்திரமாகவும் மாறலாம். காட்டைக் காக்கும் பொறுப்பு, கூலி வாங்குவதைவிட முடிவெடுப்பதில் பங்கேற்கும்போதுதான் வேரூன்றுகிறது. சுற்றியுள்ள மாத்ரே தே தியோஸ் பிராந்தியத்தில் தங்கச் சுரங்கங்கள் காட்டை அழித்து, ஆறுகளில் பாதரசத்தைக் கலக்கும் சூழலில் இந்த உரிமை இன்னும் முக்கியமாகிறது.

சுற்றுலாவை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2020இல் கொரோனாவால் பெரு எல்லைகளை மூடியதும் வெளிநாட்டுப் பயணிகள் வருவது நின்றது. விவசாயமும் பிரேசில் கொட்டை சேகரிப்பும் கைவிடப்படாமல் இருந்தால்தான் இப்படிப்பட்ட காலத்தில் ஊர் தாக்குப்பிடிக்கும்.

காட்டு விடுதியில் அறை பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். லாபத்தில் உள்ளூர் மக்களுக்கு எவ்வளவு? முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா? குப்பையும் கழிவுநீரும் எங்கே போகின்றன? நேரான பதில் தராத விடுதிக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.