நெல் பால் பிடிக்கும்போது இலையைக் காப்பாற்றுங்கள்

நெல் பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாட்கள். மணியின் எடை இந்த நாட்களில்தான் முடிவாகிறது. கண்ணாடி இலையும் அதற்கடுத்த இரு இலைகளும் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை, மணிக்குச் சென்று பாலாகத் திரண்டு, பின் மாவுச்சத்தாக இறுகுகிறது. பயிர் எடுத்துக்கொண்ட தழைச்சத்திலிருந்து புரதமும் உடன் சேருகிறது. சர்க்கரை வரத்து குறைந்தால் பெரிதும் குறைவது மாவுச்சத்தே. மணி சுருங்கும், கருக்காய் பெருகும். சுருங்கிய மணியில் புரத விகிதம் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அது லாபமன்று, எடை இழப்பே.

எனவே பூக்கும் தருணத்திலும் பால் பிடிக்கும் தருணத்திலும் வயல் காயக்கூடாது. இலைச்சுருட்டுப் புழு கண்ணாடி இலையைச் சுரண்டுகிறதா என்று கவனித்து உடனே தடுக்க வேண்டும். அறுவடைக்குச் சுமார் 10 நாட்களுக்கு முன் நீரை வடித்தால் போதும். அவசரப்பட்டு முன்னதாகவே வடிப்பது மணியைப் பட்டினி போடுவதாகும்.