ஓட்டக்காரரின் விலை

சந்தைக்குச் செல்பவர் எவரும் பொருளின் அழகை மட்டும் நோக்கி விலை பேசுவதில்லை. அஃது எத்தனை காலம் உழைக்கும், அதே பயனைத் தருவது குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்பவற்றையும் எண்ணிப் பார்ப்பர். அமெரிக்க உதைபந்தாட்ட உலகிலே ஆண்டுதோறும் நடைபெறும் வீரர் தெரிவும் இத்தகையதொரு சந்தையே. ஆனால் அங்கு நிறுக்கப்படுவோர் கல்லூரியை விட்டு வரும் இளைஞர்கள்.

அமெரிக்க உதைபந்தாட்டம் பெயரளவிலேதான் உதைபந்தாட்டம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். பதினொருவரைக் கொண்ட கோட்டி, நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். முன்வரிசையில் ஐவர் மதில்போல் நின்று எதிரிகளைத் தள்ளி வழிதிறக்க, அவ்வழியே பந்துடன் பாய்பவரே ஓட்டக்காரர்.

தொழில்முறைக் கோட்டிகள் 32 உள. சென்ற பருவத்திலே மிகவும் பின்தங்கியது முதலாவதாகவும், வாகை சூடியது இறுதியாகவும், 7 சுற்றுக்களில் அவை வீரரைத் தெரிந்துகொள்கின்றன. இம்முறை 1936 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அவ்வாண்டு முதன்முதல் தெரியப்பட்ட யே பேர்வாங்கர் ஓர் ஓட்டக்காரரே. எனினும் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் ஆடவில்லை.

முந்தித் தெரியப்படுபவரே சிறந்தவராவாரா? 2012 ஆம் ஆண்டுத் தெரிவு இதற்கு விடை கூறும். அவ்வாண்டு கிளீவ்லாந்துக் கோட்டி, றென்ற் றிச்சாட்சன் என்னும் ஓட்டக்காரரை மூன்றாம் இடத்திலே தெரிந்தது. வாஷிங்ரன் கோட்டியோ அல்பிரட் மொறிஸ் என்பவரை 173 ஆம் இடத்திலே எடுத்தது. முதலாண்டிலே மொறிஸ் ஓடிய தூரம் 1,613 யார்; றிச்சாட்சன் ஓடியது 950 யார். அடுத்த ஆண்டே கிளீவ்லாந்து அவரை வேறொரு கோட்டிக்கு மாற்றிவிட்டது.

இதற்குக் காரணம் யாது? ஓட்டக்காரரின் வெற்றியிற் பெரும்பங்கு முன்வரிசை ஐவருக்குரியது. 1995 இல், ஆறாம் சுற்றிலே, 196 ஆம் இடத்திலே டென்வர்க் கோட்டி ரெறல் டேவிஸ் என்பவரை எடுத்தது. கல்லூரியிலே காயமுற்றமையால் அவரைப் பலர் பொருட்படுத்தவில்லை. அவரே 1998 இல் 2,008 யார் ஓடிச் சாதனை புரிந்தார். மறு ஆண்டு அவர் முழங்காலிற் காயமுற்றார். அவர் இடத்துக்கு வந்த ஒலாண்டிஸ் கேரி, நான்காம் சுற்றிலே பெற்றவர், 1,159 யார் ஓடினார். 2000 இலே ஆறாம் சுற்றிலே வந்த மைக் அண்டர்சன் 1,487 யார் ஓடினார். ஆட்கள் மாறினும் மதில் மாறாதிருந்தமையே இதன் மருமம்.

ஆகவே அறிவுடைய தெரிவாளர் மொத்த யார்க் கணக்கைக் கண்டு மயங்குவதில்லை. கல்லூரியிலே எத்தனை முறை பந்தேந்தி அடிபட்டார்? எதிரி பற்றிய பின்னரும் எவ்வளவு முன்னேறினார்? எறியும் பந்தைப் பிடிக்க வல்லவரா? பந்தெறிபவரைத் தாக்க வருவோரைத் தடுக்க வல்லவரா? பந்தை நழுவவிடுவாரா? இவற்றையெல்லாம் ஆராய்ந்து, முதற் சுற்றை வேறு நிலைகளுக்கு ஒதுக்கி, ஓட்டக்காரரைப் பிந்திய சுற்றுக்களிலே தேடுகின்றனர். 2013, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் முதற் சுற்றிலே ஓர் ஓட்டக்காரரேனும் தெரியப்படவில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2018 இலே இரண்டாம் இடத்திலே தெரியப்பட்ட சேக்குவன் பாக்லி, 2024 இலே பிலடெல்பியாவுக்காக 2,005 யார் ஓடினார். அக்கோட்டி அப்பருவத்திலே வாகை சூடிற்று. ஆயினும் அவரை முதலிலே தெரிந்த நியூ யோர்க் கோட்டிக்கு அப்பயன் கிட்டவில்லை. வலிய மதிலுக்குப் பின்னேதான் சிறந்த ஓட்டக்காரரும் முழுப்பயன் தருவார் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

கோட்டிக்கு இலாபமானது வீரனுக்கும் இலாபமாகுமா என்பதே எஞ்சும் வினா. 2011 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தெரியப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்குரியது. ஊதியமும் தெரிவு வரிசையைத் தழுவியது. ஓட்டக்காரரின் கால்கள் உரமாயிருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. 2022 இல் எல்லோரிலும் அதிகமாக, 1,653 யார், ஓடிய யொஷ் யேக்கப்ஸ், மறு ஆண்டு நீண்ட ஒப்பந்தம் கேட்டும் பெற்றாரில்லை. ஓராண்டு ஒப்பந்தத்துடனேயே ஆடினார். பாக்லிக்கும் அவ்வாண்டு அந்நிலையே நேர்ந்தது.

மலிவாக வாங்கியது நல்ல பேரம் என்று கோட்டியார் மகிழலாம். அந்த மலிவின் மிகுதியைத் தன் முழங்கால்களாற் கொடுத்துத் தீர்ப்பவன் ஓடுகின்ற இளைஞனே.