படத்துக்குள் ஒரு விளக்கு

கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர் மைசூரு. அரண்மனைக்கும் தசரா விழாவுக்கும் பேர் போன ஊர். அங்கே ஜகன்மோகன் அரண்மனை என்று இன்னோர் அரண்மனையும் உண்டு. 1861-இல் கட்டப்பட்டது. 1915-இல் அது ஓவியக்கூடமாக மாறியது.

அங்குள்ள ஒரு படம் மிகவும் புகழ் பெற்றது. அதில் சேலை கட்டிய ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் விளக்கு. சுடர் அணையாமல் இருக்க மறு கையால் மறைத்திருக்கிறாள். விரல்களின் ஊடே வெளிச்சம் சிவப்பாகக் கசிகிறது. முகத்தில் பொன் போன்ற ஒளி படிகிறது.

படத்துக்குப் பின்னால் மின்விளக்கு இருக்கிறதோ என்று பார்ப்பவர்கள் மயங்குவார்கள். விளக்கு எதுவும் இல்லை. இருப்பது வெறும் காகிதமும் நீர் வண்ணமும்தான். பிறகு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இருட்டு தரும் வெளிச்சம்

பகலில் விளக்கை ஏற்றுங்கள். மங்கலாகத் தெரியும். இரவில் ஏற்றுங்கள். அறை முழுவதும் ஒளி நிறையும். விளக்கு மாறவில்லை. சுற்றிலும் உள்ள இருட்டுதான் மாறியது. நம் கண் எதையும் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டே பார்க்கிறது.

இதுதான் ஓவியரின் முதல் வித்தை. காகிதத்துக்குத் தானாக ஒளி கிடையாது. சுற்றிலும் கருமை தீட்டினால் நடுவில் உள்ள வெளுப்பு சுடராகத் தெரியும். நீர் வண்ணத்தில் வெள்ளைக் காகிதமே வெளிச்சம். சுடர் வர வேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டாமல் விட வேண்டும். அங்கே கருமை பட்டுவிட்டால் அழிப்பது கடினம். அதனால் கை நிதானம் வேண்டும்.

இரண்டாவது வித்தை ஓரத்தில் உள்ளது. மார்கழிப் பனியில் தெருவிளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். உள்ளே ஒளி அதிகம். வெளியே போகப் போகக் குறையும். எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஓவியரும் அப்படியே செய்கிறார். சுடரின் அருகே மஞ்சள். அதை அடுத்து ஆரஞ்சு. பிறகு பழுப்பு. கடைசியில் கருமை. ஒன்று இன்னொன்றில் மெல்லக் கரைகிறது.

புகைப்படத்திலும் இதே வித்தை

கனடா நாட்டுப் புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்ட்டன். 1980-களில் அவர் ஒரே காட்சியை இரண்டு முறை படம் பிடித்தார். ஒன்று தெளிவாக இருக்கும். மற்றொன்று கலங்கலாக இருக்கும். இரண்டு பிலிம்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். தெளிந்த படத்தால் உருவம் தெரிந்தது. கலங்கிய படத்தால் ஒளி பரவியது. காட்சி கனவு போல, ஓவியம் போல ஆனது.

இன்று ஸ்டுடியோக்களில் கணினியில் இதைச் செய்கிறார்கள். முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுக்கிறார்கள். நகலைக் கலங்கலாக்குகிறார்கள். அதைத் தெளிவான படத்தின் மேல் பரப்பி, வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். பிறகு நகலை வேண்டிய அளவு மங்கச் செய்கிறார்கள். கல்யாண ஆல்பங்களில் காணும் ஒளி இப்படியும் வரும்.

அளவு முக்கியம். ஒளி கூடினால் மச்சமும் தழும்பும் மறையும். மச்சமும் தழும்பும் ஒருவரின் அடையாளங்கள். ஆல்பத்துக்கு இந்தப் படம் அழகு. அடையாள அட்டைக்கு உதவாது. அதற்கு உள்ளபடி எடுத்த படமே வேண்டும்.

வரைந்தவர் யார்?

விளக்கேந்திய பெண்ணை வரைந்தவர் ராஜா ரவிவர்மா என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய படங்களும் அதே கூடத்தில் உள்ளன. ஆனால் இது அவர் வரைந்தது அல்ல. வரைந்தவர் எஸ்.எல்.ஹல்தன்கர். மகாராஷ்டிரத்தில் 1882-இல் பிறந்தவர். படத்தில் நிற்பவர் அவருடைய மகள் கீதா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீதா 2018-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 102. அப்படியானால் பிறந்தது சுமார் 1916. ரவிவர்மா இறந்ததோ 1906-இல். கீதா பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் எப்படி கீதாவை வரைந்திருக்க முடியும்?

அழகான படத்தைப் பார்த்தால் வரைந்தவர் பெயரைத் தேடிப் படியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் படித்துச் சொல்லுங்கள். உழைத்தவரின் பெயர் மறையக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாள், ஒரு துண்டு அடுப்புக்கரி எடுங்கள். நடுவில் சுடர் வடிவத்தில் சிறிது இடத்தை விடுங்கள். தாளின் ஓரங்களில் கரியை அழுத்தித் தேயுங்கள். சுடரை நெருங்க நெருங்க அழுத்தத்தைக் குறையுங்கள். விரலால் மெல்லத் தேய்த்துக் கோடுகளைக் கரையுங்கள். தாளைச் சுவரில் சாய்த்து, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

உங்கள் தாளிலும் விளக்கு எரியும்.