துள்ளாத சுத்தியல்

ஆணி அடிக்கும் எஃகுச் சுத்தியலால் ஒரு பேரிங்கைத் தட்டினால் என்ன ஆகும்? பேரிங்கும் கடினப்படுத்திய எஃகுதான். இரண்டும் மோதும்போது சில்லு தெறிக்கலாம். அது கண்ணில் பாய்ந்தால் பார்வையே போகக்கூடும். ஆகவேதான் பட்டறைகளில் செம்பு, பித்தளை, காரீயம் போன்ற மென்மையான உலோகங்களாலான சுத்தியல்களும் இருக்கின்றன.

கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவில் காரீயம் 1.5, செம்பு 3. எஃகோ இவற்றைவிடக் கடினமானது. எனவே அடிக்கும்போது சுத்தியல்தான் நசுங்கும். எஃகில் வடு விழாது. ஆனால் காரீயம் நஞ்சு என்பதால், தொட்டபின் கைகளைக் கழுவுவது அவசியம்.

மற்றொரு தொல்லை, துள்ளல். அடித்த சுத்தியல் மேலே எகிறுகிறது அல்லவா? இதைத் தடுப்பது ‘டெட் புளோ’ சுத்தியல். இதன் தலை உள்ளீடற்றது. உள்ளே எஃகுக் குண்டுகள் பாதியளவுக்கு மேல் இருக்கும். தலை மோதித் திரும்பத் தொடங்கும்போது, குண்டுகள் இன்னமும் முன்னோக்கியே பாய்ந்துகொண்டிருக்கும். அவை தலையின் உட்புறத்தில் மோதித் துள்ளலை அடக்கிவிடுகின்றன. குண்டுகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது.

நீங்களும் சோதிக்கலாம். ஒரேமாதிரியான இரண்டு பழைய பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கீறிப் பாதியளவு மணல் நிரப்பி, நன்றாக ஒட்டுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டையும் கீழே விடுங்கள். ஒன்று துள்ளும், மற்றது ‘தொப்’பென்று விழுந்து கிடக்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சுத்தியலால் இன்னொரு சுத்தியலை ஒருபோதும் அடிக்கக் கூடாது.