இரவில் பூமி எப்படித் தோன்றும்?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் வகுப்பு அறிவிப்புப் பலகையில் நான் ஒரு படம் ஒட்டினேன். அக்காவின் கைபேசிக்கு வந்த படம் அது. கறுப்புப் பின்னணியில் நம் பாரத நாடு முழுவதும் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று ஒளிப் புள்ளிகளாக மின்னியது. “தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நம் இந்தியா” என்று அடியில் என் கையாலேயே எழுதியிருந்தேன். தோழிகள் கூடி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறிவியல் பாடம் நடத்த வந்த சிஸ்டரும் பார்த்தார்கள். சற்று நேரம் நின்றுவிட்டு, “படம் நன்றாயிருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அகல் விளக்கு மஞ்சளாகத்தானே எரியும்? இந்தப் பச்சையையும் நீலத்தையும் யார் வீட்டில் ஏற்றினார்கள்?” என்று கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன், தோழிகளே.

படம் பொய்யன்று. அதன் அடியில் நான் எழுதியதுதான் பொய். அமெரிக்க இராணுவம் வானிலையை அறிய அனுப்பிய செயற்கைக் கோள்கள், நிலா வெளிச்சத்தில் மேகங்களைக் காண்பதற்காக மிகக் கூர்மையான கருவி ஒன்றைச் சுமந்து சென்றன. மேகத்தைப் பார்க்கப் போன கருவியில் ஊர் விளக்குகளும் பதிந்துவிட்டன! பல ஆண்டுகளின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமெரிக்க விஞ்ஞானிகள் 2003ஆம் ஆண்டின் பதிவு வரை சேர்த்து உருவாக்கியதே அந்தப் படம். 1992க்கு முன்பே தெரிந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992இல் புதிதாகத் தெரிந்தவற்றுக்கு நீலம், 1998க்குப் பச்சை, 2003க்குச் சிவப்பு என்று நிறம் தீட்டினார்கள். ஊர்கள் எப்படி வளர்ந்தன என்று காட்டுவதே நோக்கம். தீபாவளிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்படியானால் உண்மையான தீபாவளி இரவு எப்படித் தோன்றும்? 2012இல் தீபாவளி நவம்பர் 13ஆம் நாள் வந்தது. அதற்கு முந்திய இரவு சுவோமி என்.பி.பி. என்ற செயற்கைக் கோள் எடுத்த இந்தியப் படத்தை நாசா நிறுவனம் வெளியிட்டது. நகரங்கள் வழக்கம்போல் வெண்மையாகத் தெரிகின்றன, அவ்வளவே. பண்டிகை விளக்குகளால் கூடும் ஒளி, விண்ணிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது என்று அவர்கள் எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் கதை வேறு. அமெரிக்க நகரங்களின் பல பகுதிகள் கிறிஸ்துமஸ் காலத்தில் மற்ற நாட்களைவிட 20 முதல் 50 விழுக்காடு வரை கூடுதலாக ஒளிர்கின்றன என்று 2014இல் நாசா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வாரக் கணக்கில் வீட்டின் வெளிப்புறமெல்லாம் மின்விளக்குத் தோரணம் எரிவது ஒன்று. ஓரிரு இரவுகள் திண்ணையில் அகல் எரிவது மற்றொன்று. பக்தியின் அளவை இதைக் கொண்டு யாரும் அளந்துவிட வேண்டாம்!

மனிதர் வேண்டுமென்றே ஏற்றிய விளக்கு விண்ணில் தெரிந்ததும் உண்டு. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் என்ற அமெரிக்க வீரர் தனியாகப் பூமியை மூன்று முறை சுற்றி வந்தார். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்து மக்கள், அவர் தங்கள் ஊரைக் கடக்கும்போது உறங்காமல் விழித்திருந்து விளக்குகளையெல்லாம் எரியவிட்டார்கள். சுற்றிலும் இருண்ட பாலைநிலமும் கடலும். நடுவே அந்த ஒளி. அவர் அதைக் கண்டு வானொலி வழியே நன்றி தெரிவித்தார். 1998இல், தம் 77ஆம் வயதில், அவர் மறுபடியும் விண்ணுக்குப் போனபோதும் பெர்த் மக்கள் மறக்காமல் விளக்கேற்றினார்கள்.

இன்று பூமிக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 நிமிடம். ஆகவே அதிலிருப்பவர்களுக்கு ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும். ஒவ்வோர் இரவும் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல்தான். (தேர்வுக்கு முந்திய இரவு அப்படி இருந்தால் நம் கதி என்ன!) 2010இல் அதில் ஏழு கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட ஒரு சிறு கூண்டைப் பொருத்தினார்கள். வீரர்கள் ஓய்வு நேரத்தில் அங்கே மிதந்தபடி பூமியைப் பார்ப்பார்கள். 2013இல் அங்குச் சென்ற மைக் ஹாப்கின்ஸ் என்ற கத்தோலிக்க வீரர் திவ்விய நற்கருணையைத் தம்முடன் எடுத்துச் சென்று, அந்தச் சன்னல்களின் அருகே உட்கொண்டார் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அவர்கள் காண்பது விளக்கு மட்டுமன்று. பூமியின் விளிம்பை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், மெல்லிய பச்சை ஒளி வளையம் ஒன்று எப்போதும் தெரியும். பகலில் சூரிய ஒளியால் கிளர்ந்த காற்றணுக்கள் இரவில் அந்த ஆற்றலை வெளிவிடுவதே அது. மேகத்துக்குள் மின்னல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பளிச்சிடும். துருவங்களின் பக்கம் துருவ ஒளி திரைச்சீலைபோல் அசையும். இவற்றைப் படமெடுப்பது எளிதன்று. நிலையம் வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் நகர விளக்குகள் கோடு கோடாக இழுபட்டுவிடும். டான் பெட்டிட் என்ற வீரர் 2003இல் நிலையத்தில் கிடந்த உதிரிப் பொருள்களைக் கொண்டே ஒரு தாங்கி செய்து, பூமி நகர்வதற்கு ஏற்பக் காமிராவைத் திருப்பித் தெளிவான படங்கள் எடுத்தார்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு, எல்லா நகரங்களும் ஒளிரும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எந்த வீரரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு பாதியில் பகல் இருக்குமே! சுவோமி செயற்கைக் கோள் 2012 ஏப்ரலில் 9 நாட்களும் அக்டோபரில் 13 நாட்களும் எடுத்தவற்றில், மேகமில்லாத பகுதிகளைப் பொறுக்கி ஒட்டிச் செய்த படம் அது.

இரவுப் படங்களை எப்படி வாசிப்பது? எகிப்து எளிது. அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் நைல் நதியை ஒட்டியே வாழ்கிறார்கள். எனவே நதி ஒரு தண்டாகவும், அது கடலில் சேருமிடம் விரிந்த தாமரையாகவும் ஒளிர்கிறது. பூ தொடங்கும் இடத்தில் கெய்ரோ நகரம். இந்தியா, பாகிஸ்தான் எல்லை ஆரஞ்சு நிற நூலாகத் தெரிகிறது. அது ஊரன்று, நெடுஞ்சாலையுமன்று. வேலியோரம் நிறுத்திய காவல் விளக்குகள். தாய்லாந்துக் கடலில் பச்சைப் புள்ளிகள் கூட்டமாக மிதக்கின்றன. கணவாயைக் கவர்ந்திழுக்க மீனவர் படகுகளில் எரிக்கும் விளக்குகள் அவை. அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே, கரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால், நடுக்கடலில் ஒரு நகரம் இருப்பதுபோல் தோன்றும். அதுவும் கணவாய்ப் படகுகளே. சைபீரியாவிலும் நைஜீரியாவிலும் மனிதர் அதிகமில்லாத இடங்களில் பெரிய ஒளித் திட்டுகள் உண்டு. எண்ணெய்க் கிணறுகளில் வரும் வாயுவை வீணாக எரிக்கும் தீ அது.

ஆக, ஒளி இருக்குமிடமெல்லாம் ஊர் இல்லை. ஒளி இல்லாத இடமெல்லாம் காடுமில்லை. வட கொரியாவில் 2 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். 2014இல் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படத்தில் அந்நாடு கடலைப் போலவே இருண்டிருக்கிறது. தலைநகர் மட்டும் ஒரு சிறு புள்ளி. தெரியாதவர்கள் தென் கொரியாவை ஒரு தீவு என்றே நினைப்பார்கள். ஆப்பிரிக்காவில் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 10 கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு மின்சாரம் எட்டவில்லை. அங்கேயும் சமைக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், என்னைப் போன்ற பெண்கள் ஏதோ ஒரு வெளிச்சத்தில் படிக்கிறார்கள். படத்தில் அவர்கள் இல்லை. நெடுநேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கறுப்பு இடத்தைத்தான்.

கருவிக்கும் ஒரு குறை உண்டு. சுவோமியின் இரவுக் கருவிக்கு நீல ஒளி தெரியாது. பழைய மஞ்சள் சோடிய விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குப் போடும் நகரம், நம் கண்ணுக்குப் பளிச்சென்றிருந்தாலும் கருவியின் கணக்கில் மங்கியதாகப் பதியலாம்.

கீழிருந்து மேலே பார்ப்பவர்களுக்கோ இழப்புத்தான். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் ஊரிலிருந்து பால்வீதியைக் காண முடியாது என்று 2016இல் ஓர் ஆய்வு கூறியது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் பார்த்து எழுதிய குறிப்புகளைக் கூட்டிப் பார்த்ததில், இரவு வானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு வெளுத்து வருவதாகத் தெரிந்தது. இந்த வேகத்தில் போனால், 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறந்த குழந்தைக்கு 18 வயதாகும்போது 100தான் மிஞ்சுமாம். எனக்கு இப்போது 15.

பலகையிலிருந்த படத்தை நான் கிழிக்கவில்லை. அடியிலிருந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு, எந்த நிறம் எந்த ஆண்டு என்று எழுதி மறுபடி ஒட்டினேன். மறுநாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து, “அக்கா, நம்ம ஊர் எங்கே?” என்று கேட்டாள். தேடிக் காட்டினேன். சின்னச் சிவப்புப் புள்ளி.

“சிவப்புன்னா 2003தானே? அதுக்கு முன்னாடி இங்கே யாருமே இல்லையா?”

“ஏன் இல்லை? என் பாட்டி இருந்தாங்களே” என்றேன்.