மலைக்குடில் நடைப்பயணத்துக்குப் பாதீடு தயாரித்தல்

பாதீடு என்பது எதிர்காலத்துக்குரிய வரவையும் செலவையும் முன்கூட்டியே பணத்தில் மதிப்பிட்டு எழுதும் திட்டமாகும். இவ்வரைவிலக்கணத்தை எழுதிப் புள்ளி பெறும் மாணவர் பலர். ஆனால் ஒரு பயணத்தைத் தந்து அதற்குப் பாதீடு தயாரிக்கச் சொன்னால் அவர்களுட் பலர் "ஏனைய செலவுகள்" என்ற ஒரே வரிக்குள் ஒளிந்துகொள்கின்றனர். எனவே உண்மையான ஒரு பயணத்தை எடுத்து நோக்குவோம்.

அல்ப்ஸ் மலைத்தொடரில் மொன் பிளாங் சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீளமான நடைபாதை உள்ளது. அது பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடாகச் செல்கிறது. பகலில் நடை, இரவில் மலைக்குடிலில் தங்கல். குடில் என்றதும் ஓலைக் கொட்டிலை நினைக்க வேண்டாம். பலர் சேர்ந்து படுக்கும் பொது அறை, இரவுணவு, காலையுணவு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என அறவிடும் விடுதிகளே இவை.

பின்வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒருவர், 10 பகல், 9 இரவு. 1 சுவிஸ் பிராங் = 1.05 யூரோ எனக் கொள்க.

குடிற் கட்டணம், பிரான்சும் இத்தாலியும் (65 × 7) – 455.00
குடிற் கட்டணம், சுவிஸ் (75 பிராங் × 2 × 1.05) – 157.50
மதிய உணவு (15 × 10) – 150.00
சில்லறைச் செலவு (8 × 10) – 80.00
பஸ் – 40.00
சப்பாத்து – 30.00
எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு – 140.00
மொத்தம் – 1,052.50 யூரோ

(விமானக் கட்டணம், வீசா, காப்புறுதி ஆகியன தனியே கணிக்கப்பட வேண்டும்.)

சப்பாத்தின் விலை 180 யூரோ. ஆறு பயணங்களுக்கு உழைக்குமாயின் இப்பயணத்தின் பங்கு 30 மட்டுமே. பெறுமானத் தேய்வு பற்றிப் படித்தது இங்கு உதவுகிறது. சில்லறைச் செலவில் தேநீர், சொக்கலேட், சுடுநீர்க் குளிப்பு என்பன அடங்கும். மலையில் இவற்றின் விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் போக்குவரத்துச் செலவு. வீதி எட்டாத குடில்கள் பலவற்றுக்கு ஹெலிகொப்டரிலேயே பொருட்கள் செல்கின்றன. கடனட்டை ஏற்காத குடில்களும் உள்ளமையால் காசு கையில் இருத்தல் வேண்டும். 2,537 மீற்றர் உயரமான கிராண்ட் கொல் பெரே கணவாயில் இத்தாலி முடிந்து சுவிற்சர்லாந்து தொடங்குகிறது. அங்கிருந்து கணக்கு பிராங்கில்.

இனி, செலவைக் குறைக்கச் சொன்னால் மாணவர் உடனே நாட்களைக் குறைப்பர். பத்து நாளை ஏழாக்கினால் 3 × (65 + 15 + 8) = 264 யூரோ மிச்சம். கணக்குச் சரி. ஆனால் பாதை குறையவில்லை. முழுப் பாதையிலும் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 10,000 மீற்றர். நாளுக்கு 1,000 மீற்றர் ஏறியவர் இப்போது 1,400 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும், அதுவும் முதுகில் பையுடன். கோடையில் அல்ப்ஸ் மலையில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. நீண்ட நடை அந்த நேரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து வெட்டப்படுவது 140 யூரோ ஒதுக்கீடு. இதை நான் ஒருபோதும் வெட்ட விடமாட்டேன். குடில்கள் மாதக்கணக்கில் முன்னரே பதிவு செய்யப்படுகின்றன. பல இடங்களில் முற்பணமும் கொடுக்க வேண்டும். இத்தாலியப் பக்கத்தில் பொனாட்டி குடிலில் இருக்கிறீர்கள், நாளை கணவாயைக் கடக்க வேண்டும், ஆனால் இடிமின்னல் எச்சரிக்கை. குடிலில் மறுநாளுக்குப் படுக்கை இல்லை. கூர்மாயர் நகருக்கு இறங்கி ஓர் இரவு தங்கி உண்ண 90, பின் பஸ்ஸில் மலையின் மறுபக்கம் சென்று விட்ட நாளைப் பிடிக்க 50. ஆக 140. சுவிஸ் குடிலுக்குக் கட்டிய 75 பிராங் திரும்பாது. அது நடந்தாலும் நடக்காவிட்டாலும் போன பணம்; நாளைய முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது. ஒதுக்கீடு இல்லாதவரோ அந்த 75 பிராங்கைக் காப்பாற்ற மின்னலுக்குள் கணவாய் ஏறத் துணிவார்.

விடைத்தாளில் "எதிர்பாராச் செலவு 10%" என்று மட்டும் எழுதாமல், எந்த நிகழ்வுக்கு எவ்வளவு என்பதையும் காட்டுக.

பயிற்சி: மேற்படி பயணத்தில் இத்தாலியில் ஓர் இரவும் ஒரு பகலும் குறைக்கப்படுகின்றன. 1 பிராங் 1.10 யூரோவாக உயர்கிறது. ஏனையவை மாறாதிருப்பின் புதிய பாதீட்டைத் தயாரிக்குக.